காதுக்குள் சொன்ன ஊசி

முதல் இரத்தத்தை ஓர் இடைநிலைப்பள்ளியின் ஆசிரியர் கழிப்பறையில் பார்த்தேன். மாதவிலக்கு முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வெளியே மண்டபத்தில் முதலாம் படிவ (பதின்மூன்று வயது) மாணவிகள் சட்டைக் கையை மேலே தள்ளிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் (கருப்பையின் வாய்ப்பகுதியில் உண்டாகும் புற்றுநோய்) வராமல் தடுக்கும் ஊசியை அவர்களுக்குப் போடத்தான் நாங்கள் போயிருந்தோம். நான் அரசாங்கக் கிளினிக் ஒன்றில் தாதி (நர்ஸ்). கையைக் கழுவிக்கொண்டு வந்து மீதிப் பிள்ளைகளுக்கும் ஊசி போட்டு முடித்தேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. மாதவிலக்கு நிற்கப்போகிற வயது, அதனால் முன்னே பின்னே வருகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வேறொரு பெண் வந்து இதே குறியைச் சொல்லியிருந்தால் அன்றே டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். எனக்கு என்று வந்தபோது நான்கு மாதம் கடத்தினேன்.

பாப் ஸ்மியர் (கருப்பைவாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் சோதனை) எத்தனையோ பெண்களுக்கு நானே எடுத்திருக்கிறேன். எனக்கு எடுத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் முன்னால் போய் எப்படிப் படுப்பது என்ற வெட்கம், வேறு காரணம் ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும் உங்களில் யாராவது அதே வெட்கத்தில் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் போய் வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஐந்தாவது மாதம் கணவரோடு இருந்த பிறகு படுக்கை விரிப்பு நனைகிற அளவுக்கு இரத்தம் வந்தது. அதற்குமேல் என்னால் என்னையே ஏமாற்ற முடியவில்லை. பயாப்சி (சதைத் துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

அங்கே என்னைப் பார்த்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண், என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். மலாயில் பேசினோம். "உங்களுக்கு இதுவரை என்ன தெரியும்?" என்று முதலில் கேட்டார். சதையைச் சோதனைக்கு அனுப்பியது வரை தெரியும் என்றேன்.

"முடிவு வந்துவிட்டது. கர்ப்பப்பைவாயில் புற்றுநோய் இருக்கிறது. குணப்படுத்தும் எண்ணத்தோடுதான் சிகிச்சை தரப்போகிறோம்" என்றார். என் பெயரையும் வயதையும் சரிபார்த்த அதே குரலில் அந்தச் சொல்லையும் சொன்னார். எனக்கு அது நடைவழி முழுக்கக் கேட்டுவிட்டதுபோல் இருந்தது.

"டாக்டர், மெதுவாகப் பேசுங்கள். வெளியே ஆட்கள் இருக்கிறார்கள்."

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலை மட்டும் தாழ்த்தவில்லை. "எதற்கு மெதுவாக? நீங்கள் எதையும் திருடவில்லையே" என்றார். பிறகு, எதை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். நான் வாயைத் திறக்கும்வரை அவரும் திறக்கவில்லை.

யாரால் வந்தது என்பதுதான் என் முதல் கேள்வி. பிழைப்பேனா என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கோபம்.

எச்.பி.வி. (உடல் நெருக்கத்தில் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ் கிருமி) தாம்பத்திய வாழ்க்கையில் இருக்கிற பெரும்பாலோருக்கு ஒரு தடவையாவது வரும் என்றும், பலருக்கு உடம்பே அதை விரட்டிவிடும் என்றும் அவர் சொன்னார். சிலருக்குப் பல வருடம் சத்தமில்லாமல் தங்கி, புற்றுநோயில் கொண்டுபோய் விடும். எப்போது, யாரிடமிருந்து என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. இவ்வளவையும் நான் பயிற்சியிலேயே படித்தவள். ஆனாலும் ஒருவர் என் முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

கணவர் செல்வம் வெளியே காத்திருந்தார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவர். காரில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என்னாலயா?" என்றார்.

"யாராலன்னு டாக்டருக்கே தெரியாதுங்க. அத வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

வழியில் ஓர் எண்ணெய் நிலையத்தில் (பெட்ரோல் பங்க்) நிறுத்தி, முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவர் இருபது நிமிடம் கழித்துத்தான் வந்தார். கண் சிவந்திருந்தது.

நோய் இரண்டாம் நிலையில் இருந்தது. கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவில் ஊன்றியிருந்தது. இந்த நிலையில் அறுவைச் சிகிச்சை கிடையாது. ஐந்து வாரம் கதிர்வீச்சு, வாரத்துக்கு ஒரு முறை கீமோ (புற்றுச் செல்களை அழிக்கும் மருந்தை நரம்பில் ஏற்றுவது), கடைசியில் பிராக்கி சிகிச்சை (கதிர்வீச்சுக் கருவியைக் கருப்பைவாய்க்கு உள்ளேயே வைத்துச் செய்வது) என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள்.

மகள் தர்ஷினிக்கு அப்போது பதினான்கு வயது. அவளிடம் வயிற்றில் கட்டி என்று சொன்னோம். ஆபரேஷனா என்று கேட்டாள். இல்லை, கரண்டு மாதிரி ஒன்று வைத்துக் கரைப்பார்கள் என்றேன். பூசி மெழுகுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

சிகிச்சையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாத சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். கதிர்வீச்சு மேசையில் ஏறும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். அதனால் கிளம்பும் முன் அல்ல, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு தண்ணீர் குடியுங்கள். மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு தொடங்கும். மாற்று உடையோடு போங்கள், வெட்கப்படாதீர்கள். எங்கள் ஊர் கோலா சிலாங்கூரிலிருந்து மருத்துவமனை வரைக்கும் எந்தெந்த எண்ணெய் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்று என்னைக் கேளுங்கள், மனப்பாடமாகச் சொல்கிறேன். பிராக்கி சிகிச்சையன்று இடுப்பை அசைக்கக் கூடாது. உள்கூரைப் பலகையில் இருந்த சின்ன ஓட்டைகளை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். வலியைவிட, என் உடம்பு யாருடையதோ போல் அங்கே கிடந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்த மாதத்தில் பரமேஸ்வரி என்னைப் பார்க்க வந்தார். தஞ்சோங் காராங்குக்கு வடக்கே ஒரு தோட்டத்தில் செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவர். என் கணவரின் அக்கா இருக்கும் அதே லயத்தில்தான் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) குடியிருக்கிறார். இரண்டு பப்பாளிப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றார். தோட்டத்தில் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மிஸி, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? உங்களுக்கு வந்தது, அந்தப் பள்ளிக்கூட ஊசி போடுறாங்களே, அந்தச் சீக்காமே?"

"ஆமா. அதேதான்."

"அப்ப ஏன் அன்னிக்கி என்கிட்ட சரியா சொல்லல?"

எதைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்தது. அவர் மகளும் தர்ஷினியும் ஒரே வருடம் முதலாம் படிவத்துக்குப் போனவர்கள். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் முதலாம் படிவப் பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளில், ஊசிக்கான ஒப்புதல் பாரத்தை (பெற்றோர் கையெழுத்திடும் தாள்) கொடுத்து விளக்குவோம். என்னோடு வேலை செய்யும் ரொஹானா மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள். "உங்கள் மகளுக்குப் புற்றுநோய்த் தடுப்பூசி. எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் போடுகிறோம். இங்கே கையெழுத்து" என்று கூட்டத்துக்கே கேட்கும்படி சொல்வாள். தமிழ்த் தாய்மார் வந்தால், உங்கள் ஆட்கள் என்று என்னிடம் அனுப்பிவிடுவாள். நான் அவர்களை மண்டபத்துக்கு வெளியே மரத்தடிக்கு அழைத்துப்போவேன். சுற்றிலும் ஆம்பளைகள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்வேன். வயதுக்கு வரப்போகிற பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசலாமா? குரலைத் தாழ்த்தி, "இது பொம்பளைப் பிள்ளைங்களுக்குப் போடுற ஊசிக்கா, அந்த இடத்துல சீக்கு வராம இருக்க. போடுறதும் போடாததும் உங்க இஷ்டம்" என்று மென்று விழுங்குவேன். எனக்கு இது மரியாதை. ரொஹானாவுக்கு நாசூக்கு தெரியவில்லை என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பரமேஸ்வரி சொன்னார்: "மத்தவங்களுக்கெல்லாம் மேசையிலயே சத்தமா சொன்னாங்க. நம்மள மட்டும் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போயி காதுக்குள்ள சொன்னீங்க. நல்ல ஊசின்னா ஏன் காதுக்குள்ள சொல்லணும்? பிள்ள பெறாம இருக்கப் போடுறாங்க போல, மிஸி பாவம் வெளிய சொல்ல முடியாம சொல்லுதுன்னு நெனச்சேன். வேணாம்னு கோடு போட்டுக் குடுத்துட்டேன். லயத்துல நாலு பேருக்கும் நான்தான் சொன்னேன் லா."

அந்த நாலு பேரில் என் அண்ணியும் ஒருவர். கணவரின் அக்காவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். அவரிடமும் சொன்னீர்களா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

தர்ஷினி முதலாம் படிவத்தில் இருந்தபோது, அவள் பள்ளிக்கு ஊசி போட நாங்கள் போவதற்கு ஆறு நாள் முன்பு வயதுக்கு வந்தாள். சடங்குக்கு அண்ணிதான் முன்னால் நின்றார். தனி அறை, தனித் தட்டு. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரைக்கும் வாசல்படி தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளியில் ஊசி போடும் நாள் அதற்குள் வந்துவிடும் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். "கர்ப்பப்பைக்குப் போடுற ஊசிதானே? லயத்துல எல்லாரும் பேசிக்கிறாங்க. இப்பத்தான் வயசுக்கு வந்து ஒக்காந்திருக்கா, அதுக்குள்ள அந்த ஊசியா? நீ மிஸியா இருந்தா அது கிளினிக்குல" என்றார். கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். ஊசியன்று என் மகளின் பள்ளியில், என் மகளின் பெயருக்கு நேராக, "வரவில்லை" என்று என் கையாலேயே எழுதினேன்.

அடுத்த வாரம் கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கலாம். அடுத்த மாதம் போயிருக்கலாம். சடங்கு, விருந்து, பரீட்சை என்று தள்ளிப்போய், அப்புறம் அண்ணியோடு அந்தப் பேச்சை மறுபடி எடுக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டேன். இப்போது பரமேஸ்வரி சொன்ன பிறகுதான் விளங்கியது. என் வாயிலிருந்து போன முணுமுணுப்பு அவரிடம் போய், அவரிடமிருந்து அண்ணிக்குப் போய், என் வீட்டுக்குள் நுழைந்து என் மகளின் ஊசியை நிறுத்தியிருக்கிறது. ஊரில் யாரோ கிளப்பிவிட்ட வதந்தி என்று இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனே, கிளப்பியது நான்தான்.

பரமேஸ்வரியை உட்கார வைத்தேன். என் வரவேற்பறையில், சன்னல் திறந்திருக்க, சாதாரணக் குரலில் முதலிலிருந்து சொன்னேன். புற்றுநோய் என்று சொன்னேன். எப்படிப் பரவுகிறது என்றும் சொன்னேன். கிருமி உடம்புக்கு வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும், அதனால்தான் சின்ன வயதில் போடுகிறோம், பிள்ளை பெறுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றேன். "பிள்ள பெறுறதக் கெடுக்கிறது இந்தச் சீக்குதான் பரமு. எனக்குக் கர்ப்பப்பை இருக்கு, ஆனா இனிமே அதால ஒண்ணும் முடியாது." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். மூன்று வாரம் கழித்து மகளைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்தார். மற்ற மூவரில் ஒருவர் வந்தார். இருவர் இன்னும் வரவில்லை, நானும் இன்னும் அவர்களை விடவில்லை.

மற்றவர்களிடம் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது. என் மகளிடம் சொல்லத்தான் எனக்கு இன்னும் இரண்டு மாதம் பிடித்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து, வயிற்றில் கட்டி என்று சொன்னது பொய் என்றேன். நோயின் பெயரைச் சொன்னேன். அதற்கு ஊசி இருப்பதையும், அவளுக்குப் போடாமல் விட்டதையும் சொன்னேன். அவள் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"எங்க கிளாஸ்ல எல்லாரும் போட்டுட்டாங்க. நான் மட்டும்தான் போடலயா?"

"அன்னிக்கி நீ வீட்ல ஒக்காந்திருந்த."

"அது ஒரு நாள் மா. ரெண்டு வருஷமா என்ன செஞ்சீங்க?"

அத்தை சொன்னார்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. "பயந்துட்டேன்" என்றேன்.

"நீங்க ஒரு நர்ஸ் மா."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பாதி இஸ்திரி போட்ட பாவாடையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். அண்ணிக்கு விஷயம் தெரிந்து, பிள்ளையிடம் போய் இதையெல்லாமா பேசுவது என்று போனில் கத்தினார். செல்வம் என் கையிலிருந்து போனை வாங்கி, "என் மகளுக்கு ஊசி போடப்போறோம்க்கா. நல்ல நாள் பாக்கல" என்றார். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவர் தன் அக்காவிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

பத்தாவது நாள் தர்ஷினி ஒரு தாளோடு வந்தாள். இணையத்தில் தேடிக் கேள்விகளாக எழுதி வைத்திருந்தாள். பதினைந்து வயசுக்கு லேட்டா? லேட் இல்லை, எத்தனை தடவை போடவேண்டும் என்பதை மட்டும் டாக்டரைக் கேட்க வேண்டும். காய்ச்சல் வருமா? சிலருக்கு வரும், கை வலிக்கும், போய்விடும். ஊசி போட்டால் அப்புறம் பாப் ஸ்மியர் வேண்டாமா? வேண்டும், வளர்ந்த பிறகு அதையும் விடக் கூடாது. கடைசிக் கேள்வியைத் தாளைப் பார்க்காமல் கேட்டாள்.

"இத இப்ப நீங்க போட்டா உங்களுக்குச் சரியாவுமா?"

"இல்லடா. வந்த சீக்க இந்த ஊசி மாத்தாது."

தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "எப்பப் போலாம்?" என்றாள்.

விடுபட்டவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்து, இரண்டு வாரத்தில் நாள் கிடைத்தது. நான் அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தேன். திரும்பியது பழைய உடம்பு இல்லை. மாதவிலக்கு ஒரேயடியாக நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே கழுத்தில் அனல் ஏறி வியர்த்துக் கொட்டும். கணவரோடு நெருங்குவதற்கு மறுபடி பழக வேண்டியிருக்கிறது, அதற்கும் வழிமுறை உண்டு, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதும் அடுத்த மூன்று மாதம் என் கைக்கு வரும். அதற்கு அந்தப் பக்கம் என்னால் எதையும் யோசிக்க முடிவதில்லை. அடுத்த தீபாவளிக்குத் துணி எடுப்பதைப் பற்றி யாராவது பேசினால் வேறு யாருடைய வீட்டுப் பேச்சையோ கேட்பது போல் இருக்கிறது.

என்னைப் போன்ற தாதிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது நான் யாரையும் மரத்தடிக்குக் கூப்பிடுவதில்லை. மேசையில் உட்கார்ந்தபடி, "உங்க மகளுக்குக் கேன்சர் வராம தடுக்கிற ஊசி. எனக்கே அந்தக் கேன்சர் வந்துச்சு. உங்களுக்கு இதுல என்ன பயம், சொல்லுங்க" என்கிறேன். பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். சடங்குக்காக வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் பெயரைத் தனியாகக் குறித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிய மறுவாரம் நானே கூப்பிடுகிறேன். எல்லாரும் சம்மதித்துவிடுவதில்லை. ஆனால் வேண்டாம் என்கிறவர்களும் எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்துதான் சொல்கிறார்கள்.

தர்ஷினிக்கு நான் ஊசி போடவில்லை. ரொஹானாதான் போட்டாள். தர்ஷினி முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஊசி உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டு நொடி. அதற்காக நாங்கள் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டோம்.

ஊசி போட்டவர்கள் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போக வேண்டும், மயக்கம் ஏதும் வருகிறதா என்று பார்ப்பதற்காக. வாசலோரம் இருந்த நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தோம். பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். வலிக்கிறதா என்றேன். கொஞ்சம் என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "உங்களோட அடுத்த செக்கப் எப்ப மா?" என்றாள்.

"வர்ற மாசம்."

"நானும் வரேன். அந்த டாக்டர்கிட்ட நான் கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். என் தோளில் சாய்ந்துகொண்டாள். ஒன்பது நாள் பேசாமல் இருந்ததற்குப் பிறகு அவள் தலை என்மேல் படுவது அதுதான் முதல் தடவை. அவள் கூந்தல் எண்ணெய் என் சீருடையில் ஒட்டியது. நான் அசையாமல் இருந்தேன்.

ரொஹானா வந்து கடிகாரத்தைக் காட்டி, நேரம் ஆகிவிட்டது, நீங்கள் போகலாம் என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறோம் என்றேன்.